சமதரைக்குப் போதுமான கால்

தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்ட் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்களாம். மனித உடலின் பெரிய தசைகள், அவை வேலை செய்யும் விதம், இதைப் பற்றிப் பொதுமக்களுக்குப் புரியும்படி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். படம் அவர்களே போட்டுக்கொள்வார்களாம். ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கும் என்று உலகம் நம்புகிறது. நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்க விரும்பவில்லை.

அவர்களுடைய கிளினிக்கில் ஒரு கருவியைப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்குகிறது. நோயாளியின் காலில் வைத்து அவரை உதைக்கச் சொன்னால் திரையில் ஓர் எண் வருகிறது. நல்ல கருவிதான். காலில் எவ்வளவு பலம் என்று அது சொல்கிறது. அந்தப் பலம் எந்தத் தசையிலிருந்து வருகிறது என்று கேட்டேன். அது நாம் பார்த்துக்கொள்ள வேண்டியது சார் என்றார்கள். அப்படியானால் கட்டுரையை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தசைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும், இழுப்பது. தள்ளத் தெரியாது. நாம் ஒரு வண்டியைத் தள்ளும்போதுகூட, மேல்கையின் பின்புறமுள்ள முத்தலைத் தசை முழங்கையை இழுத்து நிமிர்த்துகிறது. விலா எலும்புகளிலிருந்து கிளம்பும் ஒரு தசை தோள்பட்டையை முன்னால் இழுத்துப் பிடிக்கிறது. வண்டி நகர்கிறது, நாம் தள்ளியதாக நினைத்துக்கொள்கிறோம். மடக்குவதற்கு ஒரு தசை இருந்தால் நீட்டுவதற்கு எதிர்ப்புறம் இன்னொன்று இருக்கும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். மனிதக் குடும்பங்களில் காணக்கிடைக்காத இந்த ஏற்பாடு முழங்கையில் ஒழுங்காக நடக்கிறது.

உடலிலேயே பருமனான தசை பிட்டத்தில் இருக்கிறது. அதன் மேல் நாம் உட்கார்ந்திருப்பதால் அதற்கு மரியாதை இல்லை. படி ஏறுவதும், குனிந்தவன் நிமிர்வதும் அதனால்தான். தொடையின் முன்புறம் நான்கு தலைகள் கொண்ட ஒரு தசைத் தொகுதி உண்டு. குவாட்ரிசெப்ஸ் என்பார்கள். நான் முன்தொடைத் தசை என்றே எழுதுகிறேன். நான்கும் முழங்கால் சில்லின் வழியாக ஒன்று சேர்ந்து கீழ்க்காலை நீட்டுகின்றன. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். மற்ற தசைகள் மன்னிக்க வேண்டும்.

வேலூரில் பிசியோதெரபி படித்து முடித்துவிட்டு, பாடம் எல்லாம் தலையில் இருக்கிறது என்ற நிறைவோடு தங்கவயல் சுரங்கக் கம்பெனி ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். நோயாளி வலியையும் பலவீனத்தையும் கூட்டிச் சொல்வார், நாம் கண்டுபிடிக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லித்தந்திருந்தார்கள். அதற்கென்று நுட்பங்களே உண்டு. இங்கே வந்த பிறகு அவற்றில் பாதி எனக்கு உதவவில்லை. எங்கள் ஊர்த் தொழிலாளர்கள் தலைகீழாகப் பொய் சொன்னார்கள். இல்லாத பலத்தை இருப்பதாகக் காட்டினார்கள். சுரங்கத்துக்குள் இறங்கத் தகுதியில்லை என்று மெடிக்கல் போர்டு சொல்லிவிட்டால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். அதனால் விரல் மடங்காதவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். தோள் தூக்க முடியாதவன் உடம்பையே பக்கவாட்டில் சாய்த்துக் கையை உயர்த்திக் காட்டிவிட்டுச் சிரிப்பான்.

எங்கள் பிசியோதெரபி துறைக்குத் தலைவி சுகிர்தம் அம்மா. ஊரின் கோரமண்டல் பகுதியில் சர்ச்சுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக இருந்தார். வெள்ளைச் சேலை, கட்டை விரல் வரை நகத்தை ஒட்ட வெட்டிய கை. நோயாளியைத் தொடுவதற்கு முன் வெந்நீரில் கை கழுவுவார். சுத்தத்துக்காக மட்டும் இல்லை. குளிர்ந்த கை பட்டால் தசை திடுக்கிட்டு இறுகும், அப்புறம் அது சொல்வது எதுவும் உண்மையில்லை என்பார். எப்போதும் நல்ல பக்கத்தைத்தான் முதலில் சோதிப்பார். இந்த மனிதருக்கு நல்லது என்றால் எவ்வளவு என்று தெரியாமல் கெட்டதை எப்படி அளப்பது என்பது அவர் கேள்வி. நோயாளி சட்டையைத் திரும்ப மாட்டிக்கொள்ளும் வரை முடிவைச் சொல்ல மாட்டார். அரை நிர்வாணமாக இருக்கும் மனிதனிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாதாம். என்னை மிஸ்டர் என்று கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அன்றைக்கு நான் ஏதோ ஒழுங்காகச் செய்திருக்கிறேன் என்று பொருள். என் பெயரை அவர் வாயால் அதிகம் கேட்டதில்லை.

தசையின் பலத்தைப் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பிடுவோம். சுருங்கவே இல்லை என்றால் பூஜ்யம். விரலுக்குத் துடிப்பு மட்டும் தெரிந்தால் ஒன்று. பூமியின் இழுப்பை நீக்கி, பக்கவாட்டில் படுக்க வைத்தால் மட்டும் அசைகிறது என்றால் இரண்டு. காலைத் தன் எடையோடு தூக்கி நீட்ட முடிந்தால் மூன்று. அதற்கு மேல் நம் கையின் எதிர்ப்பைத் தாங்கும் அளவுக்கு நான்கு, ஐந்து. எண் போடுவது சுலபம். பக்கத்துத் தசை வந்து உதவாதபடி பிடித்துக்கொள்வதுதான் வேலை. செத்துப்போன தசையின் வேலையை அக்கம்பக்கத்துத் தசைகள் சொல்லாமல் எடுத்துச் செய்யும். லைன் வீடுகளிலும் அப்படித்தான் நடந்தது.

ஏழுமலை டிம்பர் கேங்கில் வேலை செய்தவர். சுரங்கத்தின் கூரைக்கு மரம் முட்டுக் கொடுக்கும் ஆட்கள் அவர்கள். அப்போது முப்பது வயதிருக்கும். கூரையிலிருந்து விழுந்த பாறை ஒன்று இடது அடிவயிற்றுக்கும் தொடைக்கும் இடையில் அவரை அழுத்திப் பிடித்துவிட்டது. எலும்பு முறியவில்லை. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. காயமும் ஆறியது. ஆனால் தொடை மடிப்பின் வழியாக முன்தொடைக்குப் போகும் நரம்பு நசுங்கியிருந்தது. தொடையின் முன்பக்கம் மரத்துப்போய், நாளாக ஆகத் தசை இளைத்து, துணி தொங்குவதுபோல் ஆனது.

அவரிடம் மாதக்கணக்கில் வேலை செய்தேன். மின்தூண்டல் கொடுத்து, பக்கவாட்டில் படுக்க வைத்து, காலைப் பலகையில் நழுவ விட்டு நீட்டச் சொல்வேன். துடிப்பு அசைவானது. அசைவு அதோடு நின்றுவிட்டது. இரண்டு என்று எழுதிய எண்ணை மாற்றும் வாய்ப்பே எனக்குக் கிடைக்கவில்லை. உட்கார்ந்த நிலையில் காலை நீட்டச் சொன்னால் உடம்பைப் பின்னால் வீசி, தொடையைச் சட்டென்று உதறி, கீழ்க்காலை எறிந்து காட்டுவார். எறிந்த காலை அந்தரத்தில் நிறுத்த முடியாது. விழும்.

போர்டுக்கு முந்தைய வாரம் ஏழுமலை துறைக்கு வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வழக்கமாக ஊன்றி வரும் கோலை வீட்டில் விட்டுவிட்டு, புது கால்சட்டை போட்டுக்கொண்டு, இடது கையைப் பாக்கெட்டில் விட்டபடி நிமிர்ந்து நடந்து வந்தார். தோற்றத்தில் சினிமாக் கொட்டகைக்குப் போகும் இளைஞன். உடன் அவருடைய மச்சான் கோவிந்தன். ஏழுமலையின் மனைவிக்குத் தம்பி, அதே கேங்கில் இருந்தவர். இருவர் முகத்திலும் வெற்றி தெரிந்தது.

சுகிர்தம் அம்மா நாற்காலியிலிருந்து எழவில்லை.

"ஏழுமலை, கையை வெளிய எடுத்துட்டு நடங்க."

எடுத்தார். இரண்டாவது அடியில் முழங்கால் லேசாக மடங்கியது. மடங்கியதோடு கால் முழுவதும் சரிந்தது. கோவிந்தன் பாய்ந்து பிடித்தார்.

பாக்கெட்டின் உள்துணியை வெட்டிவிட்டிருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகக் கையால் தொடையை நேராகப் பின்னால் அழுத்திக்கொண்டு நடந்திருக்கிறார். அந்த யோசனையைச் சொன்னது யார் என்று கேட்டதற்குக் கேங்கே சொன்னது என்றார் கோவிந்தன். அதில் அவருக்கு வெட்கம் இல்லை.

முன்தொடைத் தசை இல்லாத மனிதன் எப்படி நடக்கிறான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போது, பிட்டத்தின் பெரிய தசை தொடையெலும்பைப் பின்னால் இழுக்கும். ஆடுதசை, அதாவது கெண்டைக்காலின் தசை, கீழ்க்காலைப் பின்னால் பிடித்துக்கொள்ளும். மேலும் கீழும் பின்னால் போனால் நடுவிலுள்ள முழங்கால் தானாக நேராகிப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய காலில் நாள் முழுவதும் நிற்கலாம். சமதரையில் நடக்கலாம், பழகிவிட்டால் பாக்கெட்டில் கைகூட வேண்டாம். ஆனால் முழங்கால் கொஞ்சம் மடங்கிவிட்டால் பூட்டு திறந்துவிடும். அதன் பிறகு உடம்பின் எடையைத் தாங்க முன்தொடைத் தசையைத் தவிர வேறு ஆள் கிடையாது.

சுரங்கத்தில் கேஜ் எனப்படும் கூண்டு எல்லா இடத்துக்கும் கொண்டுபோய் விடாது. ஒரு லெவலிலிருந்து அடுத்த லெவலுக்கு இடையில் ஈரமான மர ஏணிகள். டிம்பர் கேங்குக்குப் பாதி வாழ்க்கை அந்த ஏணிகளில்தான்.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் ஏழுமலை பேசினார்.

"அம்மா, ஏணி ஏறுவேம்மா. நெசமா ஏறுவேன். வேணும்னா பாருங்க. நீங்க மூணுன்னு போட்டாப் போதும். போர்டுல டாக்டர் ஸ்டூல் மேல ஏறச் சொல்வாரு, அவ்ளோதான். மத்தத கேங்கு பாத்துக்கும்."

துறையின் பின்கட்டுச் சுவரில், டிம்பர் யார்டிலிருந்து அம்மா வரவழைத்துப் பொருத்திய உண்மையான சுரங்க ஏணி ஒன்று இருந்தது. மர ஸ்டூலில் ஏறிக் காட்டுவதை அவர் ஒருபோதும் சோதனையாக ஒப்புக்கொண்டதில்லை. ஏழுமலை சட்டையைக் கழற்றி, கால்சட்டையைத் தொடை வரை சுருட்டிவிட்டு அதில் ஏறினார். உண்மையாகவே ஏறினார். வலது கால் ஒரு படி, கைகள் இரண்டும் இழுக்க இடது கால் அதன் பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். மறுபடி வலது. ஏறும்போது நல்ல கால் முன்னால் என்பது நாங்களே கற்றுக்கொடுத்த விதி. பாடம் எங்களுக்கு எதிராகவே திரும்பி வந்தது. முதுகின் அகன்ற தசைகள் தோலுக்கடியில் புரண்டன. மரம் சுமந்த உடம்பு அது, கால் வைத்த பாக்கியைக் கை தீர்த்தது.

"நல்லா ஏறுறீங்க," என்றார் அம்மா. "இப்ப இடது காலை முதல்ல வைங்க."

"எனக்கு எப்பவும் வலதுதாம்மா பழக்கம்."

"படி உடையறதுன்னா உங்க பழக்கத்தைக் கேட்டுட்டா உடையும்?"

ஏழுமலை மேலேயே வலது காலை ஊன்றி நின்றார். கோவிந்தன் குறுக்கே வந்தார். அதெல்லாம் பேசி வைத்தாகிவிட்டது என்றார். ஏணியில் மாமா நடுவில் ஏறுவார், மேலே கேங்கு மேஸ்திரி, நேர் கீழே தான் வருவதாக ஏற்பாடு. மாமா கால் நழுவினால் தன் தோளில் உட்காரட்டும், அவ்வளவுதானே என்றார். தோளைத் தட்டியும் காட்டினார்.

எந்தக் கேங்கும் அப்படித்தான் செய்திருக்கும். காயப்பட்டவனை வெளியே அனுப்புவது துரோகம், உள்ளே வைத்துச் சுமப்பது தர்மம். பாறை விழுந்தாலும் தூசி நெஞ்சில் ஏறினாலும் ஒருவரையொருவர் மறைத்துக் காப்பாற்றித்தான் அந்த ஊர் இத்தனை காலம் ஓடியது. இதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு அன்றும் வாய் வரவில்லை.

அம்மா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோவிந்தனை மரியாதையாக அழைத்தார்.

"வாங்க கோவிந்தன். ஏணிக்குக் கீழ, நீங்க வர்ற எடத்துல நில்லுங்க. ஏணியைப் பிடிச்சுக்கோங்க. மேல பாக்க வேணாம். உள்ள இருட்டுல பாக்க முடியாது இல்லையா?"

கோவிந்தன் போய் ஏணியின் அடியில் நின்று, அதைப் பிடித்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய உச்சந்தலைக்கு மேல் ஏழுமலையின் பாதம். நான் பக்கவாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி ஏழுமலையின் இடுப்பைப் பிடிக்கக் கை நீட்டியபடி நின்றேன். விழ விடுவது எங்கள் நடைமுறையில் இல்லை.

"ஏழுமலை, இப்ப இடது காலை மேல் படியில வைங்க. கையை லேசா விடுங்க. அந்தக் கால்ல எழுந்திரிங்க."

அவர் இடது காலைக் கையால் தூக்கி மேல்படியில் வைத்தார். முழங்கால் மடங்கி இருந்தது. பூட்டுவதற்கு வழியில்லை. இனி எழுந்தால் முன்தொடைதான் எழுப்ப வேண்டும். நான் அவர் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லுக்கு மேலே மெல்லிய ஒரு துடிப்பு வந்து போனது. மாதக்கணக்கில் நான் தேடிப் பழகிய அதே துடிப்பு. அது தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தது.

அவர் எழவில்லை. குனிந்து கீழே பார்த்தார். மச்சானின் தலை, கழுத்து, குனிந்த தோள். கோவிந்தன் சொன்னபடி மேலே பார்க்காமல் காத்திருந்தார். ஏழுமலையின் கை ஏணியில் இறுகுவதும், முன்கைத் தசைகள் கயிறாகப் புடைப்பதும் தெரிந்தது.

"கோவிந்தா, நகுரு," என்றார். "எறங்கணும்."

கோவிந்தன் நகரவில்லை. "ஏறு மாமா, நான் கீழ கீறேன்."

"நீ கீழ கீறதாலதான்டா சொல்றேன். நகுரு."

இறங்கி வந்து, சட்டையை மாட்டிக்கொண்டார். அம்மா எதுவும் சொல்வதற்கு முன் அவரே சொன்னார்.

"முடியாதும்மா. இன்னா இருக்குதோ அதையே எழுதிக்கோங்க."

போர்டில் இரண்டு என்றே போனது. உள்ளே இறங்கத் தகுதியில்லை என்று தீர்ந்தது. சுகிர்தம் அம்மா அதோடு விடவில்லை. லேம்ப் ரூம் என்பது தொழிலாளர்கள் உள்ளே போகும்போது விளக்கு வாங்கி, வெளியே வந்ததும் திருப்பிக் கொடுக்கும் இடம். அம்மா ஒரு பிற்பகல் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்த் தரையைக் காலால் தடவிப் பார்த்தார். வாசற்படி இருக்கிறதா, சிமெண்டு பெயர்ந்திருக்கிறதா, கவுண்ட்டர் எவ்வளவு உயரம், எல்லாம். பிறகு மெடிக்கல் ஆபீசரிடம் போய், சமதரையில் நிற்கவும் நடக்கவும் இந்த மனிதருக்கு எந்தக் குறையும் இல்லை, லேம்ப் ரூம் தரை சமதரை, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றார். ஆபீசர் யோசிக்கலாம் என்றார். யோசிக்கும் வரை இங்கேயே உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி அம்மா உட்கார்ந்துகொண்டார். ஆபீசருக்குச் சாப்பாட்டு நேரம். ஏழுமலைக்கு லேம்ப் ரூமில் வேலை கிடைத்தது. லைன் வீடும் நிலைத்தது.

நன்றி சொல்ல ஏழுமலை வரவில்லை. மரம் சுமந்த தோளுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை அவமானமாக இருந்தது. ஒவ்வொரு ஷிப்டிலும் கேங்கு அவர் கையில் விளக்கு வாங்கிக்கொண்டு அவர் இல்லாமல் இறங்கியது. வழியில் அம்மாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அம்மா அதைக் கண்டுகொள்ளாமல் அவர் முழங்காலைத்தான் பார்ப்பார். மெதுவாகப் பூட்டச் சொல்லுங்கள் மிஸ்டர், இல்லாவிட்டால் வயதான காலத்தில் பின்னால் வளைந்துவிடும் என்பார் என்னிடம். நான் போய்ச் சொன்னேன். அம்மாவிடமிருந்து வந்த புத்திமதி என்பதாலேயே அவர் கேட்கவில்லை. முழங்கால் பின்னால் வளைந்தது.

பிறகு சுரங்கம் மூடியது. விளக்கு கொடுப்பவரும் வாங்குபவர்களும் ஒரே வரிசையில் வெளியே வந்தார்கள். பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். நானும் ஓய்வு பெற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சுகிர்தம் அம்மா நல்ல முதிய வயதில் காலமானார். உதரவிதானம் என்ற தசை, பிறந்த கணத்திலிருந்து ஓய்வே கேட்காமல் மூச்சை இழுப்பது, அவருக்குத் தூக்கத்தில் நின்றது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். பெங்களூரிலிருந்து அண்ணன் மகன் வந்திருந்தார். கோரமண்டல் சர்ச்சில் ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கும்போது தோள் கொடுக்க ஆறு பேர் தேறவில்லை. வந்தவர்களெல்லாம் என் வயதுக்காரர்கள், பெரும்பாலும் அம்மாவிடம் காலோ கையோ சீராக்கிக்கொண்டவர்கள். நானும் கோவிந்தனும் நின்றோம். இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஏழுமலை வந்தார். வேட்டி கட்டியிருந்தார். பின்னால் வளைந்த முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் அதிர்ந்தது. அண்ணன் மகன் கையை நீட்டித் தடுத்தார். பெரியவரே, நீங்க வேணாம், வெளிய படி இருக்குது என்றார். ஏழுமலை அவரைத் தாண்டிக்கொண்டு போய்ப் பெட்டியின் முன் முனையில் இடப்பக்கம் நின்றார். அவருக்கு நேர் பின்னால் என் இடம்.

இடப்பக்கம் நிற்பவனுக்குப் பெட்டி வலது தோளில் அமரும். இடது கை சும்மா இருக்கும். அவர் அந்த இடத்தைப் பார்த்துத்தான் எடுத்தார் என்பது எனக்குப் புரிந்தது. தூக்கினோம். வாசல் வரை சமதரை. படிக்கட்டின் விளிம்பில் அவர் நின்றார். நாங்கள் எல்லோரும் நின்றோம். இடது கையை எடுத்து, வேட்டியின் மேல், எல்லோரும் பார்க்க, தொடையில் வைத்து அழுத்திக்கொண்டார். இப்போது மறைக்கப் பாக்கெட் இல்லை.

"சார், பின்னாடி நீங்கதான?"

"நான்தான் ஏழுமலை."

"எனக்குக் கீழ யாரும் இல்ல. மெதுவா வாங்க."

இறங்கும்போது கெட்ட கால் முன்னால் போக வேண்டும். மேல்படியில் நிற்கும் நல்ல காலின் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பிடித்து, உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிவிடும். தசை செய்யும் வேலைகளில் கடினமானது இந்த விட்டுக்கொடுத்துப் பிடிப்பதுதான். கெட்ட கால் நேராகப் போய்க் கீழ்ப்படியில் ஊன்றிப் பூட்டிக்கொண்ட பிறகுதான் நல்ல கால் அதன் பக்கத்தில் வந்து சேரலாம். சுகிர்தம் அம்மா கற்றுக்கொடுத்தது அதுதான். ஏழுமலை ஒரு பிசகும் இல்லாமல் செய்தார்.

அவர் இடது காலை வைத்தார். நாங்கள் ஐந்து பேரும் இடது காலை வைத்தோம். அவர் வலது கால் வந்து சேரும் வரை நின்றோம். பிறகு அடுத்த படி.